மலைநாட்டு வரலாறு – 17: அம்பலத்தில் பேசித் தீர்த்தவர்கள்

1914 ஜூன் மாதம் கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்புக்காக ஊரே காத்திருந்தது. வழக்கு மேளத்தைப் பற்றியது. கம்பளை வலஹாகொட தேவாலயத்தின் பெரஹரா அம்பகமுவ வீதியால் போகும்போது, அங்கிருந்த பள்ளிவாசலைத் தாண்டும்வரை மேளத்தை நிறுத்த வேண்டுமா? நிறுத்தத்தான் வேண்டும் என்றது அரசாங்கம். தேவாலய நிர்வாகத்தின் தலைவரான பஸ்நாயக்க நிலமே அரசாங்கத்தின் மீதே வழக்குப் போட்டார்.

நீதிபதி போல் ஈ. பீரிஸ் 1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தார். பௌத்த சமயத்துக்கு அதில் கொடுத்த வாக்குறுதி இன்னும் செல்லும், மேளம் அடிக்கலாம் என்று தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்தது. முதல் தீர்ப்பில் ஒரு தரப்பு கறுவிக்கொண்டிருந்தது. இரண்டாவது தீர்ப்பில் மறு தரப்பு கறுவியது. ஒரே தெருவைப் பகிர்ந்துகொண்ட மனிதர்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து, எந்த நேரம், எவ்வளவு தூரம், எவ்வளவு சத்தம் என்று பேச அந்த வழக்கில் இடமே இருக்கவில்லை.

சில மாதம் கழித்து, மே 28 வெசாக் இரவில், கண்டி காசல் வீதிப் பள்ளிவாசல் அருகே பக்திப் பாடல் ஊர்வலம் ஒன்று கல்லெறியில் முடிந்தது. அடுத்த சில நாட்களில் கலவரம் கொழும்பு வரை பரவியது. அரசாங்கக் கணக்கின்படி முஸ்லிம்கள் 25 பேர் கொல்லப்பட்டார்கள். சூறையாடப்பட்ட கடைகள் 4,000க்கு மேல்.

இதே தகராறு நூறு வருடத்துக்கு முன்பு வந்திருந்தால் எங்கே போயிருக்கும்? அன்றைய கண்டி இராச்சியத்தில் ஊர்ச் சண்டைகளைத் தீர்க்க ‘கம்சபாவ’ என்ற ஊர்ச்சபை இருந்தது. கண்டியில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த சேர் ஜோன் டொயிலி, கண்டி இராச்சியத்தின் ஆட்சிமுறை பற்றி எழுதிய குறிப்புகளில் இதை விவரித்திருக்கிறார். ஊரில் மூத்தவர்களும் அனுபவசாலிகளும் அம்பலம் என்ற திறந்த மண்டபத்திலோ மர நிழலிலோ கூடுவார்கள். எல்லைத் தகராறு, கடன், சில்லறைத் திருட்டு, அடிதடி என்று எதுவானாலும் விசாரிப்பார்கள். பிழை யார் பக்கம் என்று வெளிப்படையாகச் சொல்வார்கள். எடுத்ததைத் திருப்பிக் கொடு, சேதத்துக்கு ஈடு கட்டு, அல்லது கண்டிப்போடு போ என்பார்கள். சமரசத்துக்கு வழி தேடினார்களே ஒழிய தண்டிக்க நினைக்கவில்லை என்று டொயிலி தெளிவாகவே எழுதுகிறார்.

கொழும்பு – கண்டி வீதியில் பஸ்ஸில் போகிறவர்கள் கடுகண்ணாவையில் ஓர் அம்பலத்தைப் பார்த்திருப்பார்கள். அது வழிப்போக்கருக்காகப் பிற்காலத்தில் கட்டியது. ஆனாலும் பழைய ஊர் அம்பலம் எப்படி இருந்திருக்கும் என்று அதைப் பார்த்தே ஊகிக்கலாம்: மேலே ஓட்டுக்கூரை, நாலு பக்கமும் திறப்பு, சுற்றிலும் தாழ்வான இருக்கை. மேடை கிடையாது, கூண்டும் கிடையாது. குற்றம் சாட்டியவரும் சாட்டப்பட்டவரும் ஒரே மட்டத்தில்தான் உட்கார வேண்டும். வழியால் போகிற எவரும் நின்று கேட்கலாம்.

இதைக் கேட்டுவிட்டு அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. அரசனின் முதன்மை அதிகாரியாக இருந்த எகலப்பொல நிலமே பிரிட்டிஷார் பக்கம் போனதற்காக 1814இல் அவருடைய பிள்ளைகளின் தலைகளைக் கண்டி நகரில் வெட்டியதும், மனைவியை நீரில் ஆழ்த்திக் கொன்றதும் இதே இராச்சியம்தான். ஊர்ச் சண்டைக்கு அம்பலம், அரச துரோகத்துக்கு வாள். கம்சபாவவிலும் பேசியவர்கள் பெரும்பாலும் ஊரின் முக்கியமான ஆண்கள். ஏழைக்கும் பெண்ணுக்கும் அங்கே எவ்வளவு குரல் இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1833இல் பிரிட்டிஷார் கண்டிக்கென்றிருந்த தனி நீதி அமைப்பை எடுத்துவிட்டு, தீவு முழுவதையும் ஒரே நீதிமன்ற முறைக்குள் கொண்டுவந்தார்கள். ஆனாலும் பிறகு அம்பலத்தின் தேவை உணரப்பட்டது. 1871இல் ஆளுநர் ஹெர்குலிஸ் ரொபின்சன் காலத்தில், 26ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் ஊர்ச்சபைகளுக்கு மறுபடியும் உயிர் கொடுத்தார்கள். ஆனால் அரசாங்கம் நியமித்த தலைவர் நடுவில் உட்கார்ந்து அபராதம் போட ஆரம்பித்ததும் அது இன்னொரு சின்னக் கோர்ட்டாகிவிட்டது.

தோட்டங்களில் இருந்த தமிழருக்கு அந்தச் சின்னக் கோர்ட்டுகூட இல்லை. கலஹா, புசல்லாவ, ஹந்தானை லயங்களில் வாழ்ந்தவர்கள் எந்தக் ‘கிராமத்தையும்’ சேர்ந்தவர்களாகக் கருதப்படவில்லை. 1865ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டப்படி, சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளி குற்றவாளி. துரைக்கும் கூலிக்கும் இடையிலான ஒப்பந்தச் சிக்கலுக்கு முடிவு சிறையாக இருக்கலாம். மலையகத் தமிழரின் நீதி அனுபவம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மறுபடியும் 1915க்கு வருவோம். கலவரத்தை அடக்க ஆளுநர் ரொபர்ட் சால்மர்ஸ் இராணுவச் சட்டம் கொண்டுவந்தார். எரிந்த கடைகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் இழப்பீடு கொடுக்கப்பட்டது உண்மை. ஆனால் அந்தப் பணம் கலவரப் பகுதிகளில் இருந்த சிங்கள மக்களிடம் மொத்தமாக அறவிடப்பட்டது. கல்லெறிந்தவனும் கட்டினான், அண்டை வீட்டு முஸ்லிமை ஒளித்து வைத்துக் காப்பாற்றியவனும் கட்டினான். சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் இந்த அநியாயத்தை எதிர்த்துப் பேசினார். இலண்டன் வரை போய் வாதாடினார். சிங்களத் தலைவர்கள் அவரைக் கொண்டாடினார்கள். முஸ்லிம்களுக்கோ அது ஆறாத வருத்தமாகிவிட்டது. எங்கள் கடை எரிந்தபோது எங்களுக்காகப் பேச யார் இருந்தார்கள் என்ற அவர்களின் கேள்வியில் நியாயம் இருந்தது. அரசாங்கத்தின் அத்துமீறலைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அயலவர் இருவருக்கு நடுவே நடந்ததைப் பற்றி எவரும் பேசவில்லை. பணம் கைமாறியது, பிழை ஒப்புக்கொள்ளப்படவில்லை. 1915 விட்டுப்போன பெரிய குறை இதுதான்.

சுதந்திரத்துக்குப் பின் 1958ஆம் ஆண்டு 10ஆம் இலக்கச் சட்டம் இணக்க சபைகளை உருவாக்கியது. எழுபதுகளில் அவற்றில் கட்சி அரசியல் புகுந்துவிட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1977 ஆட்சி மாற்றத்தோடு அவையும் போயின. பிறகு 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த மத்தியஸ்த சபைகள் இன்றுவரை நடக்கின்றன.

சனி, ஞாயிறுகளில் பாடசாலை வகுப்பறை ஒன்றில் சபை கூடும். தகராறுபட்ட இரு தரப்பும் பட்டியலிலிருந்து ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்வார்கள். அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவார்கள். மத்தியஸ்தர்களுக்குச் சம்பளம் இல்லை. பெரும்பாலும் ஓய்வுபெற்ற அதிபர்கள், ஆசிரியர்கள், அரச ஊழியர்கள். சட்டத்தரணி யாருக்காகவும் வந்து வாதாட முடியாது. வேலித் தகராறும் கடனும் மட்டுமில்லை; காயம் விளைவித்தல், அத்துமீறி நுழைதல், மிரட்டல், சொத்துக்குச் சேதம் போன்ற குற்றங்களும் இங்கே வரும். இணங்கினால் உடன்படிக்கையில் கையெழுத்து. இணங்காவிட்டால் அதற்கொரு சான்றிதழ் கொடுப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம். குடும்ப வன்முறை வழக்குகளில் பெண்ணைச் ‘சமாதானமாகப் போ’ என்று அனுப்பிவிடுகிறார்கள் என்ற விமர்சனம் உண்டு. அது சரியான விமர்சனமும்கூட.

இப்படிப் பேசித் தீர்க்கும் வழியை மேலை நாடுகளும் தேடின. 1974இல் கனடாவின் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் சேதம் செய்தார்கள். நன்னடத்தை அதிகாரி ஒருவர் அவர்களை வீடு வீடாக அழைத்துப் போய், சேதப்பட்டவர்களின் முகத்தைப் பார்த்துப் பேச வைத்தார். இழப்பீடும் கட்ட வைத்தார். மேலை நாடுகளின் மறுசீரமைப்பு நீதி அந்த இரவிலிருந்து தொடங்கியதாகப் பாடநூல்கள் எழுதுகின்றன. கண்டி அம்பலங்களுக்கு இது அப்படியொன்றும் புதுமை இல்லை.

ஆனால் பேசித் தீர்க்கும் அந்த வழி கண்டிக்கே கைகொடுக்காத நாள் ஒன்று வந்தது. 2018 பெப்ரவரி 22 இரவு, தெல்தெனியப் பகுதியில் லொறிச் சாரதி ஒருவருக்கும் முஸ்லிம் இளைஞர்கள் நால்வருக்கும் வீதியில் வாய்த்தர்க்கம். சாரதி தாக்கப்பட்டார், மார்ச் மாதத் தொடக்கத்தில் கண்டி வைத்தியசாலையில் இறந்துபோனார். அந்த நால்வரையும் பொலிஸ் கைது செய்திருந்தது. ஆனாலும் மஹியங்கனை வீதியில் திகன தொடங்கிப் பல இடங்களில் முஸ்லிம்களின் வீடும் கடையும் பள்ளிவாசலும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் சிக்கி ஓர் இளைஞர் இறந்தார். மார்ச் 6 அன்று அவசரகாலச் சட்டம் வந்தது. வெறுப்பைப் பரப்பிய சமூக ஊடகங்கள் சில நாட்களுக்கு முடக்கப்பட்டன. 2020 மே மாதம், அந்த வன்முறையில் தன் தளம் வகித்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

கொலையும் தீவைப்பும் மத்தியஸ்த சபைக்குப் போகக்கூடிய விஷயங்கள் இல்லை. போகவும் கூடாது, கும்பலைத் தூண்டிவிட்டவர்கள் நீதிமன்றத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கும்பலின் பின்வரிசையில் நின்று கல்லெறிந்த, கதவை உடைத்த, சாமானைத் தூக்கிக்கொண்டு போன ஊர்ப் பையன்களை என்ன செய்வது? ருவாண்டாவில் இனப்படுகொலைக்குப் பிறகு ‘கச்சாச்சா’ என்ற ஊர் மன்றங்கள், சொத்தை அழித்தவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் இழப்பீடு கட்ட வைத்தன. அவர்கள் செய்ததை ஊரார் முன்னிலையில் சொல்லவும் வைத்தன. அந்த மன்றங்கள் மீதும் குறை சொல்ல நிறைய உண்டு. என்றாலும் கும்பல் குற்றத்தையும் ஊருக்குள் வைத்துப் பேச முடியும் என்பதற்கு அவை சாட்சி.

இலங்கையில் 2018ஆம் ஆண்டு 34ஆம் இலக்கச் சட்டம் இழப்பீட்டுக்கான அலுவலகத்தை அமைத்தது. காசோலை எழுத அது போதும். பாதிக்கப்பட்டவர் விரும்பினால், தன் கடையை எரித்தவனைப் பயிற்சி பெற்ற மத்தியஸ்தர்கள் முன்னிலையில் சந்தித்து, ‘ஏன் செய்தாய்?’ என்று கேட்கவும் சட்டத்தில் ஓர் இடம் வேண்டும். மத்தியஸ்த சபைச் சட்டத்தை நாடாளுமன்றம் ஏற்கெனவே பலமுறை திருத்தியிருக்கிறது. 25,000 ரூபாயாக இருந்த பண எல்லையை இரண்டரை இலட்சமாக்கி, பிறகு ஐந்து இலட்சமாக்கினார்கள். அடுத்த திருத்தத்தில் இதையும் சேர்க்கும்படி கண்டி மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும், கேட்க வேண்டும்.

(தொடரும்)