தாட்டு வைத்தவர்கள்

இங்கிலாந்தில் அறுவடை முடிந்த வயல்களில், வார இறுதி நாட்களில், காதில் ஹெட்போனும் கையில் நீண்ட தடியுமாக மெதுவாக நடப்பவர்களைக் காணலாம். தடியின் நுனியில் சாப்பாட்டுக் கோப்பை அளவில் ஒரு வட்டத் தட்டு. அதை நிலத்தோடு ஒட்டினாற்போல் இடமும் வலமுமாக வீசிக்கொண்டு போவார்கள். ஓசை கேட்டதும் குந்தியிருந்து கிண்டுவார்கள். பழைய நாணயம், சட்டைப் பொத்தான், இடுப்புப்பட்டிக் கொளுக்கி, துவக்குச் சன்னம் என்று ஏதாவது அகப்படும். பண்ணைவீடுகள் இருந்து அழிந்துபோன பழைய வளவுகள் இவர்களுக்கு மிகவும் விருப்பமானவை. தலைமுறை தலைமுறையாக ஆட்கள் புழங்கிய நிலத்தில் அவர்கள் தொலைத்தவையும் தாட்டவையும் கூடுதலாக இருக்கும் என்பது கணக்கு.

எம்மவர் பலருக்கு இது பொழுதுபோக்காகத் தோன்றாது. நாங்கள் இந்தக் கருவியை அறிந்தது மிதிவெடியின் பேரால். கருவியின் வரலாறும் அப்படித்தான். 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டபோது, அவர் உடலில் இருந்த குண்டைத் தேடுவதற்கு அலெக்சாண்டர் கிரகம் பெல் ஒரு மின்கருவியைச் செய்துபார்த்தார். அது பலிக்கவில்லை. அறுபது ஆண்டுகளின் பின் கையில் கொண்டு திரியக்கூடிய மிதிவெடிகாட்டியை வடிவமைத்தவர் யோசெப் கொசாட்ஸ்கி என்ற போலந்து இராணுவ அதிகாரி. தன் நாடு வீழ்ந்தபின் தப்பி பிரித்தானியாவுக்கு வந்து சேர்ந்தவர். அவர் அதற்குக் காப்புரிமை எடுக்காமல் பிரித்தானிய இராணுவத்திடம் கொடுத்தார். கைம்மாறாக மன்னரிடமிருந்து ஒரு நன்றிக் கடிதம் கிடைத்தது. 1942இல் எல் அலமெய்ன் போர்க்களத்தில் 500 கருவிகள் பயன்பட்டன. போர் முடிந்தபின் மிஞ்சிய இராணுவக் கருவிகளோடு சிலர் வயல்களுக்குள் இறங்கினார்கள். நாடிழந்த ஒருவரின் மூளையில் உருவானது, பின்னாளில் பழம்பொருள் தேடுவோரின் கைக்கு வந்த கதை இது.

கருவி செய்யும் வேலை எளிமையானது. தட்டுக்குள் இருக்கும் செப்புக்கம்பிச் சுருள் நிலத்துக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் எழும். அதைச் சுருள் உணர்ந்து ஓசையாக்கும். இவ்வளவுதான். அங்கே உலோகம் இருக்கிறது என்று அது சொல்லும். அதை வைத்தவர் யார், ஏன் வைத்தார், ஏன் திரும்ப எடுக்கவில்லை என்பதை அது சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது மண் மட்டுமே; அதுவும் கலையாத மண்.

இதற்கு நல்ல உதாரணம் சஃபோக் மாவட்டத்திலுள்ள ஹொக்ஸன் என்ற கிராமம். 1992 நவம்பர் 16ஆம் திகதி, அங்கே ஒரு விவசாயி வயலில் தன் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அதைத் தேடிக் கொடுக்க வந்தவர் எரிக் லோஸ் என்ற ஓய்வுபெற்ற நண்பர். கையிலிருந்த உலோகங்காட்டி சத்தமிட்ட இடத்தில் தோண்டியபோது, சுத்தியலுக்குப் பதிலாக வெள்ளிக் கரண்டிகளும் பொன் நகைகளும் நாணயங்களும் வரத் தொடங்கின. இங்கேதான் அந்த மனிதர் ஒரு பெரிய காரியம் செய்தார். முழுவதையும் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல், தோண்டுவதை நிறுத்திவிட்டு உரிய இடங்களுக்கு அறிவித்தார். தொல்லியலாளர்கள் மறுநாள் வந்து, ஒரே நாளில், மீதியை மண்ணில் இருந்த ஒழுங்கிலேயே எடுத்தார்கள். சுத்தியலும் பிறகு அகப்பட்டது. அதுவும் இப்பொழுது பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது.

நிறுத்தியதால் தெரியவந்தவை பல. ஆணிகளும் பிணைச்சல்களும் கிடந்த விதத்திலிருந்து, அவை ஒரு மரப்பெட்டகத்துக்குள் இருந்தன என்பது தெரிந்தது. உள்ளே சிறு பெட்டிகளும் இருந்தன. அவற்றின் வெள்ளிப் பூட்டுகள் கிடைத்தன. கிண்ணங்கள் ஒன்றோடொன்று உராயாமல் இருக்க இடையில் வைக்கோல் வைக்கப்பட்டிருந்தது. சில பொருட்கள் துணியால் சுற்றப்பட்டிருந்தன. 15,000 அளவிலான நாணயங்கள். அவற்றில் 500க்கு மேல் பொற்காசுகள். 19 காப்புகள். மெலிந்த ஒரு பெண் உடலில் அணியக்கூடிய பொற்சங்கிலி. ஒரு காப்பில் யூலியானா என்ற பெண்ணின் பெயர், அவள் அதை மகிழ்வோடு அணியட்டும் என்ற வாழ்த்தோடு. பத்துக் கரண்டிகளில் அவுரேலியுஸ் உர்சிகினுஸ் என்ற ஆணின் பெயர்.

வயலில் உழவுக் கலப்பை புரட்டிப்போட்ட உதிரிகளாக இவை கிடைத்திருந்தால், விலைமதிப்பு ஏறத்தாழ அதேயாக இருந்திருக்கும். ஆனால் யாரோ ஒருவர் அவதியிலும் நிதானமாக இருந்து, கிண்ணங்களுக்கிடையே வைக்கோலைச் செருகினார் என்பது தெரியாமலே போயிருக்கும். கொள்ளையடித்துவிட்டு ஓடுகிறவன் வைக்கோல் வைக்கமாட்டான். சொந்தக்காரர்தான் வைப்பார்.

பெட்டகத்தில் நான்கு மிளகுச் சிமிழ்களும் இருந்தன. அவற்றில் ஒன்று அலங்காரமாக உடுத்த ஒரு சீமாட்டியின் உருவம். உயரம் 10 சென்ரிமீற்றர் அளவில். அடித்தட்டைச் சுழற்றினால் ஒரு நிலையில் மூடிக்கொள்ளும், ஒரு நிலையில் மிளகு நிரப்பலாம், இன்னொரு நிலையில் தூவலாம். எங்களில் பலர் இந்த நாட்டு உணவகச் சமையலறைகளில் மிளகு அரைத்தே வருடங்களைக் கழித்தவர்கள். அந்தச் சிமிழுக்குள் இருந்த மிளகு எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சங்க இலக்கியம் பாடும் முசிறியில், யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பின. மேற்குமலைச் சரிவில் பறித்த மணி, அரபிக் கடலும் செங்கடலும் எகிப்தும் கடந்து சஃபோக்கின் குளிர் வரைக்கும் வந்திருக்கிறது. 408இல் அலறிக்கின் படை றோம் நகரை முற்றுகையிட்டபோது அவன் கேட்டு வாங்கிய மீட்புப் பொருளில் 5,000 இறாத்தல் பொன்னோடு 3,000 இறாத்தல் மிளகும் சேர்ந்திருந்தது. பொன்னோடு சேர்த்து எண்ணப்பட்ட சரக்கு அது.

ஹொக்ஸன் பெட்டகமும் அந்தக் காலத்துக்குரியதே. அதிலுள்ள மிகப் பிந்திய நாணயங்கள் 407-408ஐச் சேர்ந்தவை. 407இல் மூன்றாம் கொன்ஸ்ரன்ரைன் பிரித்தானியாவிலிருந்த படையைக் கூட்டிக்கொண்டு கடல்கடந்து போனான். 410 அளவில் இந்தத் தீவில் றோம ஆட்சி முடிந்துவிட்டது. புதிய காசு வரவில்லை. பெட்டகத்திலிருந்த வெள்ளிக் காசுகளில் மிகப் பெரும்பாலானவை ஓரம் நறுக்கப்பட்டவை. அரசு இல்லாமற்போன ஊரில் இருக்கிற காசையே நறுக்கி நறுக்கி ஆட்கள் காலம் ஓட்டியிருக்கிறார்கள் என்று அந்த ஓரங்கள் சொல்கின்றன. அத்தகைய ஒரு நாளில்தான் யாரோ கிடங்கு வெட்டி அந்தப் பெட்டகத்தைத் தாட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை.

இவ்விடத்தில் இங்கிலாந்தின் பழைய சட்டம் ஒன்றைக் குறிப்பிடவேண்டும். புதையல் கிடைத்தால் அதை விசாரிப்பவர், சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதே மரண விசாரணை அதிகாரி. அவர் முன் எழும் முக்கியமான கேள்வி: இதை வைத்தவருக்குத் திரும்பிவந்து எடுக்கும் எண்ணம் இருந்ததா? இருந்தது என்றால் பொன்னும் வெள்ளியும் முடிக்குரியவை. இல்லை என்றால் முடிக்கு உரிமை இல்லை. 1939இல் இதே சஃபோக்கில், சற்றன் ஹூ என்ற இடத்தில், எடித் பிறிற்றி என்பவரின் காணியில் ஒரு அரசனின் கப்பற்கல்லறை கிடைத்தது. செத்தவனோடு வைத்த பொருளை யாரும் திரும்பி எடுக்க நினைப்பதில்லை. ஆகவே அது புதையல் அல்ல, காணிக்காரிக்கே சொந்தம் என்று தீர்ப்பாயிற்று. அவர் அதை நாட்டுக்கே அன்பளிப்புச் செய்தார். 1993இல் ஹொக்ஸன் விசாரணையில் தீர்ப்பு மறுபக்கம் போயிற்று: வைத்தவர்கள் திரும்பி வர எண்ணியிருந்தார்கள், ஆகவே இது புதையல். கண்டெடுத்தவருக்கு 17 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் சன்மானம் கிடைத்தது. அவர் அதை விவசாயியோடு பங்கிட்டுக்கொண்டார்.

ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போகையில் மனதில் வைத்திருந்த எண்ணத்தை, பதினாறு நூற்றாண்டுகள் கழித்து ஒரு விசாரணை மன்று அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது. அகதிகளாகிய எங்களுக்கு இது சின்ன விடயமில்லை. 1996இல் வந்த புதிய புதையல் சட்டம் அந்தக் கேள்வியைக் கைவிட்டது. 1997இலிருந்து வயதும் உலோக அளவும் பார்த்தால் போதும் என்றாயிற்று. நிர்வாகத்துக்கு அது வசதி. ஆனால் அந்தக் கேள்வி போனதோடு ஏதோ ஒன்றும் போய்விட்டது.

எல்லோரும் எரிக் லோஸைப்போல நடப்பதில்லை. 2015இல் லெம்ஸ்ரர் நகருக்கு அருகில் இருவர் ஒரு வைக்கிங் காலத்துப் புதையலைக் கண்டெடுத்து, ஒருவருக்கும் அறிவிக்காமல் விற்கத் தொடங்கினார்கள். 300 அளவில் இருந்ததாகக் கருதப்படும் நாணயங்களில் 30 அளவில் மட்டுமே மீட்கப்பட்டன. 2019இல் அவர்களுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. மீட்கப்பட்ட காசுகளில் வெசெக்ஸ் மன்னன் அல்பிரட்டும் மேர்சியா மன்னன் செயோல்வுல்பும் சமமாக அருகருகே காட்டப்பட்டிருக்கிறார்கள். பிற்காலத்து வெசெக்ஸ் எழுத்தாளர்கள் ஒன்றுக்கும் உதவாதவன் என்று எழுதிவைத்த மன்னன் அந்தச் செயோல்வுல்ப். வென்றவர்கள் எழுதிய வரலாற்றைத் திருத்தக்கூடிய சாட்சியத்தில் பெரும்பகுதி சட்டைப்பையில் போய்விட்டது.

இனி எங்கள் வளவுகளுக்கு வருவோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் பெயர்ந்து செம்மணி வெளியால் நடந்தபோது, எத்தனை வீடுகளில் எத்தனை கிடங்குகள் மூடப்பட்டன? பால்மா ரின்னுக்குள் தாலிக்கொடி, பொலித்தீனில் சுற்றிய காணி உறுதி, குத்துவிளக்கு, பித்தளை அண்டா. சில நாளில் வந்துவிடலாம் என்ற கணக்கில் கோடிப்புறத்திலும் மாட்டுக்கொட்டிலுக்குள்ளும் தாட்டோம். அதேவேளை, தாட்டுவைக்கக்கூட அவகாசம் கிடைக்காதவர்களையும் சொல்லாமல் விடமுடியாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேற்றினார்கள். கையில் கிடந்த நகையும் பறிபோயிற்று. அவர்களுடைய எண்ணத்துக்குச் சாட்சி சொல்ல மண்ணிலும் ஒன்றுமில்லை.

பிறகு எங்கள் மண்ணுக்கும் அந்தத் தடி வந்தது. 2002இல் ஹலோ ட்ரஸ்ற் யாழ்ப்பாணத்தில் மிதிவெடி அகற்றத் தொடங்கியது. எம்மூர்ப் பெண்களும் ஆண்களும் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறினார்கள். அந்தக் கருவிக்கு மிதிவெடியும் பால்மா ரின்னும் ஒரே உலோகம். 1990 முதல் உயர்பாதுகாப்பு வலயமாகிப்போன வலிகாமம் வடக்கில் காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டபோது, வேலியும் சுவரும் இல்லாத வெளியில், கிணற்றையும் கோயிலையும் வைத்துத்தான் பலர் தம் வளவை மட்டுக்கட்டினார்கள். 2009க்குப் பிறகு வன்னியில், புலிகள் தாட்ட தங்கம் என்று சொல்லி, நீதிமன்ற அனுமதியோடு பெக்கோ கொண்டு கிண்டுவது பலமுறை செய்தியாக வந்திருக்கிறது. பெக்கோ வைக்கோலைப் பார்க்காது. வைத்தது ஓர் இயக்கமா, ஒரு தாயா என்ற கேள்வியையும் அதனிடம் கேட்கமுடியாது.

யூலியானாவும் உர்சிகினுஸும் எந்த இரவில், எந்தத் திசையால் போனார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எங்களுக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. கிடங்கு வெட்டியவர்களில் பலர் பாரிசிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கவேண்டியது நகையின் பவுண் கணக்கை மட்டுமல்ல. எந்த மரத்தடி, கிணற்றுக்கட்டிலிருந்து எத்தனை அடி, யார் வெட்டினது, யார் விளக்குப் பிடித்தது, எத்தனை நாளில் திரும்பலாம் என்று நினைத்தீர்கள் என்று கேட்போம். வளவின் படத்தைக் கையால் கீறச் சொல்வோம். கீழே அவர்களின் பெயரையும் ஊரையும் திகதியையும் போட்டு வைப்போம்.