படத்தின் கீழே ஒரு பெயர்

ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றைப் படித்துப் பொருள் கொள்வதற்கு அத்துறையில் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். நிழற்படம் ஒன்றைப் பார்ப்பதற்கோ பள்ளிப் பிள்ளைக்கும் உரிமை உண்டு. இதனை உணர்ந்த அறிவியல் நிறுவனங்கள் பல, ஆராய்ச்சியாளர்களுக்கென்றே புகைப்படப் போட்டிகளை நடத்தி வருகின்றன. நுண்ணோக்கி வழியே எடுக்கப்படும் படங்களுக்காக நிக்கான் கம்பெனி 1975 முதல் ஒரு போட்டியை நடத்துகிறது. இலண்டன் ராயல் சொசைட்டி, தனது புகழ்பெற்ற ஆய்விதழ் தோன்றி 350 ஆண்டுகள் நிறைவுற்றதைக் கொண்டாடும் வகையில் 2015இல் ஒரு போட்டியைத் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் நிதியம் 2017இல் தொடங்கிய போட்டியில், ஆய்வுக்குரிய பொருள், ஆய்வில் ஈடுபட்டிருக்கும் மனிதர்கள், ஆய்விடங்களும் கருவிகளும் எனத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு.

இப்போட்டிகளால் பெரிதும் பயன்பெறுவோர் இளைய ஆராய்ச்சியாளர்கள். முனைவர் பட்டத்துக்காக உழைக்கும் மாணவரும், பட்டம் பெற்றபின் நிலையான பணியை எதிர்நோக்கியிருக்கும் இளைஞரும் பெரும்பாலும் பேராசிரியரின் பெயருக்குப் பின்னால் நிற்பவர்கள். காட்டிலும் ஆய்வுக்கூடத்திலும் இரவு பகலாக நிற்பவர்கள் அவர்களே. உலகம் அறிவதோ அவர்களுடைய தலைவரை. போட்டிக்கு அனுப்பிய படம் தேர்வு பெறும்போது, அதன் கீழே அந்த இளைஞரின் பெயர் அச்சாகிறது. 'இதைச் செய்தவர் இவர்' என்று உலகம் ஒரு கணமேனும் திரும்பிப் பார்க்கிறது. இது வரவேற்கத்தக்கதே.

ஆயினும் நீலகிரியின் மேற்குக் கோடியிலுள்ள பந்தலூரை மனத்திற்கொண்டு இதனை எண்ணிப் பார்க்கையில் ஒரு கேள்வி எழுகிறது. படம் எடுத்தவருக்குப் பெயர் கிடைக்கிறது, படத்துக்குள் நிற்பவருக்கு? ஆராய்ச்சியாளரின் காமிரா நம் மலைகளுக்குப் புதியதன்று. நூற்றைம்பது ஆண்டுகளாக அது இங்கே வந்து போய்க்கொண்டிருக்கிறது. அந்த வரலாற்றை அறிந்தால் மேற்சொன்ன கேள்வியின் எடை விளங்கும்.

அளவுகோலும் காமிராவும்

புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. பதினேழு ஆண்டுகளுக்குள், 1856இல், சென்னையில் ஒரு புகைப்படக் கழகம் அமைந்துவிட்டது. காமிரா முதலில் கோயில்களையும் கோட்டைகளையும் பதிவு செய்தது. பின்னர் மனிதர்கள் பக்கம் திரும்பியது. 1869இல் ஆங்கிலேயக் குடியேற்ற நாட்டு அலுவலகம் கேட்டுக்கொண்டதன்பேரில், பேரரசுக்கு உட்பட்ட இனத்தவரை எவ்வாறு படம் பிடிக்க வேண்டும் என்பதற்கு விஞ்ஞானி தாமஸ் ஹக்ஸ்லி நெறிமுறை வகுத்தார். ஆடையின்றி, நேராக ஒரு படமும் பக்கவாட்டில் ஒரு படமும், அருகிலே ஓர் அளவுகோலும் இருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டில் ஜான் லாம்ப்ரே என்பவர் மரச்சட்டத்தில் பட்டு நூல்களை இரண்டங்குலக் கட்டங்களாகக் கட்டி, அதன் முன்னே மனிதரை நிறுத்திப் படமெடுக்கும் முறையைக் கூறினார். துணிக்கடையில் துணியை அளப்பதுபோல் மனித உடல் அளக்கப்பட்டது.

அக்காலத்து விஞ்ஞானத்தின் கண் அத்தகையது. அதன் நிழல் நீலகிரியிலும் விழுந்தது. மண்டையோட்டின் வடிவத்தைக்கொண்டு மனிதனின் குணத்தை அறியலாம் என்ற கொள்கையுடைய கர்னல் மார்ஷல், தோதவரைப் பற்றி 1873இல் படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார். அக்கொள்கை பிற்காலத்தில் முற்றிலும் பொய்யென்று ஒதுக்கப்பட்டது. படங்கள் மட்டும் எஞ்சின. நீலகிரியின் முதல் கமிஷனராயிருந்து 1872இல் மறைந்த பிரீக்ஸ், இம்மலையின் பழங்குடிகளையும் தொல்சின்னங்களையும் பற்றி எழுதிய நூலும் 1873இலேயே படங்களோடு வெளிவந்தது.

பந்தலூர்ப் பகுதி அப்போது நீலகிரி மாவட்டத்தில் இல்லை. 1877இல்தான் வயநாட்டின் தென்கிழக்குப் பகுதி மலபாரிலிருந்து பிரிக்கப்பட்டு இதனோடு இணைக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் இங்கே பொன் இருக்கிறது என்ற செய்தி இலண்டன் வரை பரவியது. 1880ஐ ஒட்டி முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் தோன்றின. பந்தலூர் பொன் வேட்டையின் மையமாயிற்று. சில ஆண்டுகளிலேயே அந்த வேகம் அடங்கி, போட்ட முதல் மண்ணோடு போயிற்று. பொன்னைத் தேடி வந்தவர் கண்ணுக்கு இங்கிருந்த பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் எவ்வாறு தோன்றினர்? கூலிக்குக் கிடைக்கும் கைகளாகவே தோன்றினர். பணியர் தலைமுறை தலைமுறையாக நிலவுடைமையாளரிடம் கொத்தடிமைகளாக வாழ்ந்தவர்கள் என்பது வரலாறு.

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுக் கருவிகளோடும் காமிராவோடும் தென்னாடெங்கும் சுற்றியவர். ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகள் இன்றும் ஆய்வாளர் கையில் உள்ளன. வயநாட்டில் தமக்கு நேர்ந்த ஒன்றை அதில் அவரே எழுதியிருக்கிறார். அவரைக் கண்டதும் பணியப் பெண்கள் ஓடி ஒளிந்தார்களாம். தங்களில் வாட்டசாட்டமானவர்களைப் பிடித்து, உள்ளே பஞ்சடைத்துச் சென்னை மியூசியத்தில் நிறுத்தி வைக்கப் போகிறார் என்று அஞ்சினார்களாம். நீலகிரியில் இருளர் ஒருவரோ, உயரம் அளக்கும் கருவியைத் தூக்குமரம் என்று எண்ணி அளவுக்கு உடன்பட மறுத்துவிட்டாராம்.

தர்ஸ்டன் இவற்றை வேடிக்கையாகவே சொல்லிச் செல்கிறார். நமக்கு இவை வேடிக்கையாகத் தோன்றவில்லை. விலங்குகளைப் பதனிட்டு வைக்கும் கூடத்திலிருந்து வந்த ஒருவர், தங்களையும் அந்த வரிசையில்தான் எண்ணுகிறார் என்பதை எழுத்தறியாத அப்பெண்கள் எப்படியோ உணர்ந்துகொண்டார்கள். அவர்களுடைய அச்சம் அறியாமையினால் மட்டும் பிறந்தது என்று சொல்லிவிட முடியுமா?

பெயர் கேட்ட மருத்துவர்

இவ்வழியிலிருந்து சற்றே விலகி நடந்தவர் ஒருவர் உண்டு. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் மருத்துவம் பயின்று உளவியலில் ஈடுபட்டவர். 1898இல் டாரஸ் நீரிணைக்குச் சென்ற கேம்பிரிட்ஜ் ஆய்வுக் குழுவோடு போன பிறகே மனித இனங்களை ஆராயும் துறைக்குள் நுழைந்தார். அத்துறைக்குப் புதியவராகவே 1901-1902இல் நீலகிரிக்கு வந்து தோதவரிடையே தங்கினார். அப்போது தோதவர் தொகை சுமார் 800. ரிவர்ஸ் அவர்களுடைய தலைகளை அளப்பதோடு நிற்கவில்லை, பெயர்களைக் கேட்டார். தந்தை யார், தாய் யார், உடன்பிறந்தோர் யார், மணந்தது யாரை என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டு, 72 வம்ச அட்டவணைகளைத் தயாரித்தார். 1906இல் வெளிவந்த அவரது நூலின் இறுதியில் அவை உள்ளன. நூலிலுள்ள படங்கள் பலவற்றின் கீழே ஆட்பெயர்களும் உள்ளன.

அந்நூலின் பிற்சேர்க்கையில் நம் திருச்சபை வரலாற்றுக்கும் ஓர் இடம் உண்டு. 1603இல் மலையேறி வந்து தோதவரைச் சந்தித்த இயேசு சபைத் துறவி பெனிசியோ அடிகளார் எழுதிய அறிக்கையின் மொழிபெயர்ப்பை ரிவர்ஸ் அதில் சேர்த்திருக்கிறார். தோதவரைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய மிகப் பழைய குறிப்புகளில் அது ஒன்று.

பெயர் கேட்பதும் எளிதாக நடந்துவிடவில்லை. இறந்த உறவினரின் பெயரை வாயால் சொல்வது தோதவர் வழக்கில் தகாது. ஆகவே உறவினரல்லாத பிறரிடமே அவற்றைக் கேட்டறிய வேண்டியிருந்தது. சமய மறைகளை அவருக்கு எடுத்துரைத்த சிலரின் வீடுகளில் நோயும் சாவும் அடுத்தடுத்து நேர்ந்தபோது, சொல்லக்கூடாததைச் சொன்னதற்குத் தெய்வம் அளித்த தண்டனை என்று தோதவர் கருதினர். இதையும் ரிவர்ஸ் மறைக்காமல் எழுதியுள்ளார். அறிவைப் பெற்றவர் அவர். அதற்கு விலை கொடுத்ததாகத் துயருற்றவர்களோ மலையிலேயே வாழவேண்டியவர்கள்.

பெயர் மட்டும் போதுமா?

படத்தோடு பெயர் சேர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? பந்தலூர் வேறொரு சாட்சியும் வைத்திருக்கிறது. 1964இல் கையெழுத்தான ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கைத் தோட்டங்களில் உழைத்த நம் மக்களில் 5,25,000 பேரையும் அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளையும் இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்றது. அவ்வாறு திரும்பியவர்களுக்கு வாழ்வளிக்கத் தமிழக அரசு 1968இல் தேயிலைத் தோட்டங்களை அமைக்கத் தொடங்கியது. இன்று டான்டீ என வழங்கும் அத்தோட்டங்கள் பந்தலூர், சேரம்பாடி, சேரங்கோடு முதலிய இடங்களில் பரந்து கிடக்கின்றன. தலைமன்னாரிலிருந்து கப்பலேறியவர்கள் கையில் இருந்த பாஸ்போர்ட்டில் படமும் இருந்தது, பெயரும் இருந்தது. அப்படியிருந்தும் இரு அரசுகளின் பேச்சுவார்த்தையில் அவர்கள் எண்ணிக்கையாகவே பேசப்பட்டார்கள். படத்தையும் பெயரையும் எதற்காகக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அவை மதிப்பாகின்றன, அல்லது வெறும் அடையாளச் சீட்டாகின்றன.

1978இல், நூரித் பேர்ட்-டேவிட் என்ற ஆராய்ச்சி மாணவி நீலகிரி-வயநாட்டுக் காட்டுநாயக்கரிடையே வந்து தங்கினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1983இல் முனைவர் பட்டம் பெற்ற அவர், பிற்காலத்தில் உலகறிந்த மானிடவியல் அறிஞரானார். 2017இல் வெளியிட்ட நூலில் அவர் வலியுறுத்தும் கருத்து சிந்திக்கத்தக்கது. அம்மக்கள் தங்களை ஓர் இனப்பெயரால் எண்ணிக்கொள்பவர்கள் அல்லர். உடன் வாழ்வோரைச் 'சொந்தம்' என்ற உறவால் அறிபவர்கள். ஆட்பெயரைக் காட்டிலும் முறைப்பெயரே அவர்கள் நாவில் முந்தி வருகிறது. காடும் அவர்களுக்கு உறவே. பெற்றோர் பிள்ளைகளுக்குத் தருவதுபோல் காடு தங்களுக்குத் தருகிறது என்று கருதுகிறார்கள்.

ஆக, பெயர் கேட்பதற்கும் முன்னால் ஒரு படி உள்ளது. அது உறவு. நம் ஊர்களிலும் அறிமுகமில்லாத முதியவரை 'ஐயா' என்றும் 'அம்மா' என்றும் அழைத்த பிறகுதானே பெயரைக் கேட்கிறோம்?

யானைக்கும் முகம் உண்டு

இன்றைய பந்தலூரில் ஆராய்ச்சியாளரின் காமிரா அதிகமாகத் தேடுவது யானையை. காது மடலின் கிழிசல், தந்தத்தின் வளைவு, வாலின் நீளம், உடலின் தழும்பு இவற்றைப் படங்களில் ஒப்பிட்டு, ஒவ்வொரு யானையையும் தனித்தனியே அடையாளம் காண்கிறார்கள். 'கொம்பில்லா ஆண் யானை' என்ற பொதுச்சொல் போய், 'பந்தலூர் மக்னா 2' என்ற தனிப்பெயர் வந்தது. அந்த யானை 2022 டிசம்பரில் பிடிக்கப்பட்டு முதுமலைக் காட்டில் விடப்பட்டதும், அடுத்த மாதமே சுல்தான் பத்தேரி நகருக்குள் நுழைந்து மீண்டும் பிடிபட்டு, முத்தங்கா முகாமில் 'ராஜா' என்று பெயர் பெற்றதும் செய்தித்தாள் படித்தோர் அறிவர்.

யானையைத் தனி உயிராக அறிவது நல்ல வளர்ச்சியே. எந்த யானை ஆபத்தானது, எது சாது என்று பிரித்தறிந்தால் மனித உயிரும் காக்கப்படும், யானையும் காக்கப்படும். ஆனால் அந்தப் படத்தை எடுக்க ஆராய்ச்சி மாணவரை அழைத்துச் செல்பவர் யார்? சாணத்தின் ஈரத்தைப் பார்த்து யானை சென்ற நேரத்தைச் சொல்பவரும், காற்றின் திசை மாறியதும் மாணவரின் கையைப் பிடித்து இழுத்து நிறுத்துபவரும் இம்மண்ணின் பழங்குடி மக்களில் ஒருவராகவே பலமுறை இருக்கிறார். யானையின் பெயர் அச்சாகும்போது, வழிகாட்டியவர் 'உள்ளூர் உதவியாளர்' என்ற இரு சொற்களில் அடங்கிவிடுவது நீதியாகுமா?

நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது

ஒருகாலத்தில் நம் மக்கள் படத்துக்குள் நின்றவர்கள் மட்டுமே. இன்று தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் பட்டப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் செல்கிறார்கள். காமிரா இப்போது அவர்கள் கையில். அவர்களும் நாளை இத்தகைய போட்டிகளுக்குப் படம் அனுப்பலாம். அனுப்ப வேண்டும் என்றே நாம் விரும்புகிறோம். அனுப்பும் முன் அவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

படத்தில் இருப்பவர் சம்மதித்தாரா? எங்கே, யார் பார்க்கப் போகிறார்கள் என்பது அவருக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட்டதா? அவர் பெயர் இடம்பெற வேண்டும் என்று விரும்புகிறாரா, வேண்டாம் என்கிறாரா? பெயரை மறைப்பது சில வேளைகளில் பாதுகாப்பு, அதுவும் மரியாதையே. ஆனால் மறைப்பதா வெளியிடுவதா என்று முடிவு செய்யும் உரிமை அவருடையது. படத்தின் ஒரு பிரதி அவர் வீட்டுச் சுவரை அடைந்ததா? பரிசு கிடைத்தால் அச்செய்தி அவருக்கும் போய்ச் சேருமா? போட்டி நடத்துவோரும் இக்கேள்விகளை விண்ணப்பத்திலேயே சேர்த்துவிட்டால், இளைய ஆய்வாளர் தொடக்கத்திலேயே நல்ல பழக்கத்தைக் கற்றுக்கொள்வார்.

நம் மொழியில் படத்துக்குப் பல பெயர்கள். நிழற்படம் என்றோம், புகைப்படம் என்றோம், இப்போது ஒளிப்படம் என்கிறோம். உருவ ஒப்புமையைச் சாயல் என்பர். மனிதர் ஒவ்வொருவரும் இறைவனின் சாயல் என்று நம்புகிறவர்கள் நாம். அந்தச் சாயலைப் பதிவு செய்யப் புறப்படும் இளைஞர் அளவுகோலோடு போகிறாரா, உறவோடு போகிறாரா என்பதைப் படமே காட்டிக்கொடுத்துவிடும். அன்று வயநாட்டில் ஓடி ஒளிந்த பெண்களின் கொள்ளுப் பேத்திகள் இன்றும் பந்தலூரைச் சுற்றி வாழ்கிறார்கள். அவர்கள் ஓடாமல் நின்று, பெயர் சொல்லி, படத்தைத் தாங்களும் வாங்கிப் பார்க்கும் நாளில் நம் இளைய ஆய்வாளர்களின் போட்டிகள் முழுமை பெறும்.