விரிதொடருக்குத் தொகை: ஆய்லர் முதல் எக்கால் வரை

முன்னுரை

விரிதொடர்களின் வரலாறு பெரும்பாலும் ஒரு தடை, ஒரு மீட்பு என்னும் வடிவிலேயே கூறப்படுகிறது: ஆபெல் விலக்கினார், போரல் மீட்டார். இவ்வாறு சுருக்கும்போது, ‘தொகை’ என்னும் சொல்லுக்கு வகைக்கெழுச் சமன்பாடுகள் விதித்த நிபந்தனைகள் மறைந்துவிடுகின்றன. அவற்றுள் கடுமையானதை நேரியலற்ற சமன்பாடுகளே விதித்தன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சமன்பாடு தந்த தொகை

1760இல் வெளியான கட்டுரையில் ஆய்லர் 1 − 1 + 2 − 6 + 24 − 120 + … என்னும் தொடரை ஆராய்ந்தார். உறுப்புகள் காரணீயப் பெருக்கங்களாக வளர்வதால் கூட்டல் எங்கும் நிலைகொள்வதில்லை. ஆயினும், இதற்குரிய அடுக்குத் தொடர் ஒரு நேரியல் வகைக்கெழுச் சமன்பாட்டை முறைப்படி நிறைவு செய்கிறது. அச்சமன்பாட்டின் தீர்வைத் தொகையீடாக எழுதி, மாறிக்கு 1 என்னும் மதிப்பை இட்டால் ஏறத்தாழ 0.596 கிடைக்கிறது. இங்குத் தொகையை வரையறுப்பது கூட்டலன்று, சமன்பாடு.

தடையும் அதன் எல்லையும்

விரிதொடருக்குத் தொகை இல்லை என 1821இல் கோஷி அறிவித்தார். 1826இல் ஹோல்ம்போவுக்கு எழுதிய மடலில் ஆபெல் அத்தொடர்களைச் சாத்தானின் படைப்பெனச் சாடி, அவற்றின்மீது நிறுவல் எழுப்புவதை இழிவென்றார். எனினும், வானவில் தொடர்பான ஏரியின் தொகையீட்டைக் கணிக்க 1850களில் ஸ்டோக்ஸ் விரிதொடரையே கையாண்டார். 1886இல் போன்காரே வரையறுத்த அணுகு விரிவு, தொடக்க உறுப்புகள் சில ஏன் நல்ல தோராயம் தருகின்றன என்பதை விளக்கியது. ஆனால், மிக விரைவாகத் தேயும் அடுக்குக்குறிச் சார்பொன்றைக் கூட்டினாலும் விரிவு மாறாது. எனவே ஒரே விரிவு பல சார்புகளுக்கு உரியதாகிறது. எது தீர்வு என்பது தெளிவாவதில்லை.

பெருக்கல் என்னும் சோதனை

1899இல் போரல் விரித்துரைத்த முறையில், கெழுக்கள் காரணீயப் பெருக்கங்களால் வகுக்கப்படுகின்றன. அதனால் ஒருங்கும் தொடரிலிருந்து லாப்லாஸ் தொகையீட்டின் வழியே சார்பு மீட்கப்படுகிறது. நேரியலற்ற சமன்பாட்டில் அறியாச் சார்பு தன்னோடு தானே பெருக்கப்படுவதால், பெருக்கத்தின் தொகை தொகைகளின் பெருக்கமாக அமைதல் வேண்டும். போரலின் முறை இச்சோதனையில் தேறுகிறது. இயற்கணித வகைக்கெழுச் சமன்பாடுகளின் முறைசார் தீர்வுகளில் கெழுக்களின் வளர்ச்சி காரணீயப் பெருக்கத்தின் ஏதேனும் ஓர் அடுக்குக்குள் அடங்கும் என 1903இல் மாய்யே நிறுவியமை, இம்முறைக்கு இடமுண்டு என்பதைக் காட்டியது.

எனினும், பெருக்கல் ஒரு விலையையும் கேட்டது. மாற்றப்பட்ட தொடரின் சிறப்புப் புள்ளி ஒன்று, நேரியலற்ற தன்மையால் தன் மடங்குகளிலும் மீளத் தோன்றுகிறது. பன்லெவேயின் முதற் சமன்பாடு இதற்குச் சான்று. 1981 முதல் எக்கால் வெளியிட்ட நூல்கள் இம்மீள்தோற்றத்தையே ஆய்வுப்பொருளாக்கின: அப்புள்ளிகளின் இருபுறமும் பெறப்படும் தொகைகளுக்கிடையிலான மிகச்சிறு வேறுபாடே ஸ்டோக்ஸ் கண்ட நிகழ்வு. பல வளர்ச்சி வீதங்கள் கலந்த நேரியலற்ற சமன்பாடுகளுக்குப் பன்முறைத் தொகையாக்கம் பொருந்தும் என 1992இல் பிராக்ஸ்மா நிறுவினார்.

முடிவுரை

ஆகவே, இவ்வரலாற்றை ஆபெலின் தோல்வியாகக் கொள்ளுதல் பொருந்தாது. நிறுவலுக்கு உறுதியான அடித்தளம் வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. அக்கோரிக்கை கைவிடப்படவில்லை, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான உழைப்பால் நிறைவேற்றப்பட்டது.