குடுவையின் அடியில் ஒரு கிரீடம்

ஆய்வகத்தில் நின்று வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். வினை முடிந்து குடுவையைப் பார்த்தால், நாம் எதிர்பார்த்த பொருள் கொஞ்சமாக இருக்கும். வேண்டாதது பிசுபிசுவென்று நிறைய இருக்கும். வேண்டியதைப் பிரித்தெடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கழிவுக் கேனில் ஊற்றிவிட்டுக் குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவைப்போம். எம்.எஸ்ஸி. படித்த இரண்டு வருடமும் நான் அப்படித்தான் செய்தேன். அப்படி ஊற்றிவிடாமல் நின்று பார்த்த ஒரு மனிதரின் கதை இந்த வாரம்.

கதை ஈதரைப் பற்றியது. ஓர் ஆக்சிஜன் அணு, அதன் இரு பக்கமும் இரண்டு கார்பன் தொகுதிகள். ஈதர் என்றால் அவ்வளவுதான். மயக்க மருந்தாக அறுவைக்கூடத்துக்குள் போன டைஎத்தில் ஈதரின் கட்டமைப்பே 1850 வரை சரியாகப் பிடிபடவில்லை. அந்த ஆண்டு லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் அலெக்சாண்டர் வில்லியம்சன் ஒரு சோதனை செய்தார். ஒரு கண் பார்வை போனவர், இடது கையும் சரியாக வராதவர். சாராயத்துடன் பொட்டாசியத்தைச் சேர்த்து, கிடைத்த உப்பின் மேல் எத்தில் அயோடைடை ஊற்றினார். இன்னும் பெரிய ஓர் ஆல்கஹால் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. கிடைத்ததோ சாதாரண ஈதர். ஈதருக்குள் இருப்பது ஓர் எத்தில் அல்ல, இரண்டு என்று அவருக்குப் புரிந்தது அப்போதுதான். நம் பிளஸ் டூ புத்தகத்தில் 'வில்லியம்சன் தொகுப்பு முறை' என்று படிக்கிறோமே, அது இப்படித் தேடாமல் கிடைத்ததுதான்.

நூறு வருடத்துக்கும் மேல் கழித்து, அதே முறையைக் கையாண்ட இன்னொருவருக்கும் தேடாதது ஒன்று கிடைத்தது.

சார்லஸ் பெடர்சன் 1904 அக்டோபர் 3 அன்று கொரியாவின் பூசான் நகரில் பிறந்தார். அப்பா பிரெடே, நார்வேக்காரர். கப்பல் எந்திரப் பொறியாளராகக் கிழக்கே வந்து, கொரியாவின் சுங்கத்துறையில் சேர்ந்து, பிறகு வடக்கே உன்சான் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அம்மா தகினோ யசுய், ஜப்பானியர்; சோயா மொச்சையும் பட்டுப்புழுவும் வியாபாரம் செய்ய வந்த குடும்பம். சுரங்க ஊரில் அவர் படிக்கத் தோதான பள்ளிக்கூடம் இல்லை. எட்டு வயதில் நாகசாகி கன்னியர் பள்ளிக்கு அனுப்பிவைத்தார்கள். பத்து வயதில் யோகோஹாமா. பிறகு அமெரிக்கா. டேட்டனில் வேதிப்பொறியியல், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதுகலை. இருந்து முனைவர் பட்டமும் வாங்கு என்று பேராசிரியர்கள் சொன்னார்கள். அதுவரை செலவைத் தாங்கிவந்தவர் அப்பா. இனியும் அவர் கையை எதிர்பார்க்கக் கூடாது என்று 1927-ல் டூபான்ட் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். 42 வருடம் அங்கேதான்.

பெட்ரோல், ரப்பர், உலோகங்கள் என்று நிறுவனத்துக்கு வேண்டிய வேலைகளைச் செய்து பல காப்புரிமைகளும் வாங்கிய பிறகு, 1960-களின் தொடக்கத்தில் வனேடியத்தின் பக்கம் திரும்பினார். வனேடியத்தைப் பல கைகளால் பற்றிக்கொள்ளும் ஒரு மூலக்கூறு வேண்டும். அதற்கு கேட்டகாலை எடுத்துக்கொண்டார். அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஹைட்ராக்சில்கள் உண்டு. ஒன்று வினைக்கு வராதபடி மூடிவைத்துவிட்டு, மற்றொன்றை மட்டும் ஈதர் சங்கிலியோடு இணைப்பது திட்டம். மூடியதில் சுமார் 10 சதவீதக் கேட்டகால் மூடாமலே கலந்திருந்தது. அது அவருக்கும் தெரியும். கடைசியில் எப்படியும் சுத்தம் செய்யத்தானே போகிறோம் என்று அப்படியே வினையைத் தொடர்ந்தார்.

வந்தது பார்க்கச் சகிக்காத கூழ். அதிலிருந்து வேண்டிய பொருளைப் பிரிக்கும்போது, வெள்ளையாக, பட்டுநூல் போல இழையிழையாகக் கொஞ்சம் படிகம் ஒதுங்கியது. விளைச்சல் 0.4 சதவீதம். கழிவுக் கேனுக்குப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பெடர்சன் அதைத் தனியாக எடுத்து வைத்தார்.

அந்தப் படிகம் மெத்தனாலில் அநேகமாகக் கரையவில்லை. கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் கரைந்தது. காரத்தில் கரைகிறது என்றால் உள்ளே ஹைட்ராக்சில் இருக்க வேண்டும். சோதித்துப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. இந்த இடத்தில்தான் அவருடைய கை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. காரத்தை விட்டுவிட்டு, காரத்தன்மையே இல்லாத சாதாரண சோடியம் உப்புகளைப் போட்டுப் பார்த்தார். அப்போதும் கரைந்தது. அப்படியானால் கரைத்தது காரம் இல்லை, சோடியம்!

அடுத்த புதிர் எடை. தனிமப் பகுப்பாய்வை வைத்து அவர் ஊகித்த மூலக்கூறைவிட, உண்மையான மூலக்கூறு சரியாக இரண்டு மடங்கு கனத்தது. விடை அதிலேயே இருந்தது. மூடாமல் விட்டுப்போன கேட்டகால் இரண்டு, ஈதர் சங்கிலி இரண்டு, ஒன்றோடொன்று கைகோத்து 18 அணுக்கள் கொண்ட வளையமாக மூடிக்கொண்டிருந்தன. நடுவே ஒரு குழி, குழியைப் பார்த்தபடி ஆறு ஆக்சிஜன்கள். சோடியம் அயனி அந்தக் குழிக்குள் உட்கார்ந்துவிட்டது. தலையில் சும்மாடு வைத்து அதன்மேல் குடத்தை ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மாதிரியைச் செய்து பார்த்தபோது அரசர் தலைக் கிரீடம் போலத் தெரிந்ததால், 'கிரௌன் ஈதர்' என்றே பெயர் வைத்தார்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். உப்பு தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. இது நம் அடுப்படி அறிவு. ஊதா நிறப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை பென்சீனில் போட்டால், துகள் அப்படியே அடியில் கிடக்கும். மேலே திரவம் தண்ணீராய்த் தெளிந்து நிற்கும். அதில் சிட்டிகை கிரௌன் ஈதரைப் போட்டுக் கலக்கினால், பென்சீன் முழுக்க ஊதாவாகிறது. வளையத்தின் உட்புறம் பொட்டாசியத்தைப் பிடித்துக்கொள்ள, வெளிப்புறம் எண்ணெயோடு எண்ணெயாகக் கலந்துவிடுகிறது.

ஆள் பார்த்துத்தான் பிடிக்கும் என்பது அடுத்த சிறப்பு. 18 அணு வளையத்தில் பொட்டாசியம் கச்சிதமாகப் பொருந்தும். 15 அணு வளையம் சோடியத்துக்கு. 12 அணு வளையம் லித்தியத்துக்கு. பொட்டாசியத்தை இப்படிக் கட்டிப்போட்டால், அதன் ஜோடியான எதிர்மின் அயனி தனித்து நின்று வேகமாக வினைபுரிகிறது. இன்று வில்லியம்சன் முறையே மந்தமாக ஓடினால், ஆய்வகத்தில் கொஞ்சம் கிரௌன் ஈதரைச் சேர்க்கிறார்கள். ஆனால் இவை நச்சுத்தன்மை உள்ளவை. கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

1967-ல் பெடர்சனின் கட்டுரை அமெரிக்க வேதியியல் கழக இதழில் வந்தது. ஒரே ஒரு படிகத்தோடு அவர் நிற்கவில்லை. பல அளவுகளில் வளையங்களை வரிசையாகச் செய்து காட்டியிருந்தார். இரண்டு வருடத்தில் ஓய்வு பெற்றார். பிரான்ஸில் ழான்-மரி லேன் அந்த வளையத்தைக் கூண்டாக வளர்த்தார். அமெரிக்காவில் டொனால்ட் கிராம், அயனி வருமுன்பே குழி தயாராக இருக்கும் மூலக்கூறுகளைக் கட்டினார். மூவருக்கும் 1987-ல் நோபல் பரிசு. பெடர்சனுக்கு அப்போது 83 வயது. எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். முனைவர் பட்டம் இல்லாமல் அறிவியல் நோபல் பெற்ற மிகச் சிலரில் அவர் ஒருவர். 1989 அக்டோபர் 26 அன்று, நியூஜெர்சி மாநிலத்தில் சேலம் என்ற ஊரில் காலமானார்.

வேதியியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வில்லியம்சன் தொகுப்பு முறையைக் கரும்பலகையில் எழுதும்போது, சமன்பாட்டோடு நிறுத்திவிடாதீர்கள். இன்னும் ஐந்து நிமிடம் எடுத்து, அந்த 0.4 சதவீதத்தின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.