தெருநாய் துரத்தினாலும் மேனேஜர் மெயில் வந்தாலும் உடம்பு ஓடத் தயாராவது ஏன்?

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறீங்கன்னு வைத்துக்கொள்வோம். இரவு ஷிஃப்ட் முடிந்து கழக்கூட்டத்தில் ரூமுக்கு நடக்கும்போது ஒரு தெருநாய் துரத்துகிறது. நாய்தான் 'ஸ்ட்ரெஸ்ஸர்', அதாவது அழுத்தம் தரும் காரணி. அதற்கு உடம்பு காட்டும் எதிர்வினை வேறு விஷயம். இரண்டையும் சேர்த்துத்தான் 'ஒரே ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு' என்கிறோம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

முதலில், சில நொடிகளில்: மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி நரம்புகள் வழியாக எச்சரிக்கை அனுப்பும். சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினை வெளியிடும். இதயம் படபடக்கும், மூச்சு வேகமாகும், கை கால் தசைகளுக்குக் கூடுதல் ரத்தம் போகும், செரிமானம் மெதுவாகும்.

அடுத்து, சில நிமிடங்களில்: அதே சுரப்பிகளிலிருந்து கார்டிசோல் வரும். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, ஓடுவதற்கான சக்தியைத் தரும். அளவு கூடியதும், 'போதும்' என்று மூளைக்குச் சொல்வதும் இதே கார்டிசோல்தான்.

மெயிலுக்கும் இதே எதிர்வினையா?

ஆமாம். அளவு மாறலாம், வழி ஒன்றுதான். 1936-ல் ஹான்ஸ் செல்யே எலிகளைக் குளிர், காயம், கடும் உடலுழைப்பு என வெவ்வேறு தொல்லைகளுக்கு உட்படுத்தினார். உடம்பில் தெரிந்த மாற்றங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தன.

அப்போ சிக்கல் எங்கே?

நாய் ஐந்து நிமிடத்தில் போய்விடும். டெட்லைனும் இஎம்ஐயும் அப்படிப் போகாது. அவசரத்துக்கு உருவான ஏற்பாடு மாதக்கணக்கில் அணையாமல் ஓடினால் தூக்கம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்க: வாரம் 35-40 மணி நேரம் உழைப்பவர்களைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35%, இதய நோயால் இறக்கும் ஆபத்து 17% அதிகம்.

என்ன செய்யலாம்?

வேலை நேரம் உங்க கையில் மட்டும் இல்லை. அது நிறுவனத்தின் பொறுப்பும்கூட. ஆனால், 'ஆபத்து முடிந்தது' என்று உடம்புக்குச் சொல்ல முடியும். நடைப்பயிற்சி, மெதுவாக மூச்சை வெளிவிடுவது, முழுத் தூக்கம் ஆகியவை உதவும். நெஞ்சுவலி வந்தால் 'டென்ஷன்தான்' என்று விட்டுவிடாதீங்க, உடனே மருத்துவமனைக்குப் போங்க. மனசு தாங்கலைன்னா, மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். இந்தச் சேவை தமிழிலும் உண்டு.