பற்றரி இல்லாத காலத்து வானொலி

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றுபோனது. அடுத்து வந்த பொருளாதாரத் தடை பெற்றோல், சீமெந்து, உரம் ஆகியவற்றோடு ரோச் லைற்றுக்குப் போடும் பற்றரியையும் மறித்தது. களவாக வந்து சேர்ந்த ஒன்றிரண்டின் விலை சாதாரண வீட்டுக்குக் கட்டுபடியாகவில்லை. ‘உதயன்’ நாளிதழ் கொப்பித் தாளில் அச்சான காலம் அது. இரவில் பி.பி.சி. தமிழோசையையும் வெரித்தாஸ் தமிழ்ப் பணியையும் கேட்காமல் நித்திரைக்குப் போக மனம் வராது. அதற்குக் கைகொடுத்தது சைக்கிள் டைனமோ.

சில்லோடு உரசிச் சுழலும் டைனமோவுக்குள் ஒரு நிலையான காந்தம் கம்பிச் சுருளின் நடுவே சுற்றுகிறது. அது தருவது 6 வோல்ற், 3 வாற்று அளவான ஆடலோட்டம். நான்கு பற்றரி போடும் வானொலிக்கும் 6 வோல்ற்தான் தேவை. ஆனால் அது நேரோட்டமாக இருக்க வேண்டும். பழுதான வானொலிகளில் கழற்றிய நான்கு இருவாயிகளும் ஒரு கொள்ளளவியும் அந்த வேலையை முடித்தன. கொள்ளளவி சிறிதானால் செய்தியோடு இரைச்சலும் சேர்ந்து வரும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, வீட்டாரும் அயலாரும் சுற்றியிருந்து கேட்டார்கள். பெரும்பாலும் சுற்றியது வீட்டுப் பெடியன்தான்.

சிக்கல் வேகத்தில் இருந்தது. வானொலி இழுக்கும் மின்னோட்டம் சொற்பம் என்பதால், வேகம் கூடினால் அழுத்தம் 6 வோல்ற்றைத் தாண்டி ஏறி வானொலியையே எரித்துவிடலாம். குறைந்தால் குரல் அமுங்கும், கசற்றில் பாட்டு இழுபடும். சைக்கிள் விளக்கையும் கூடவே எரியவிட்டால் ஏற்றம் ஓரளவு கட்டுப்படும். மீதிக் கட்டுப்பாடு சுற்றுபவரின் காதிலும் கையிலும் இருந்தது. இன்று பொழுதுபோக்காக இரு சில்லு ரோபோ செய்பவர்கள், அது விழாமல் நிற்க இதே முறையைத்தான் கையாளுகிறார்கள்: உணரி சாய்வை அளக்கிறது, அதற்கேற்ப மோட்டார் திருத்துகிறது. பொறியியலில் இதற்குப் பின்னூட்டல் என்று பெயர். யாழ்ப்பாணத்து முற்றங்களில் உணரியும் மோட்டாரும் அந்தப் பெடியனே.

தீர்ந்த பற்றரியைக்கூட எறியவில்லை. வெயிலில் காயவைத்தார்கள், துளையிட்டு உப்புத் தண்ணீர் விட்டார்கள். சில நாளைக்கு அது மறுபடி உயிர்பிடித்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறு திரியும் வைத்து, கொஞ்ச மண்ணெண்ணெயில் எரிந்த விளக்கில் மாணவர்கள் க.பொ.த. பரீட்சைக்குப் படித்தார்கள்.

இவை எல்லாவற்றிலும் துணிச்சலானது வாகனங்களை மண்ணெண்ணெயில் ஓட்டியது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் இதைத் தாங்கின. பின்னால் எழுந்த புகையைச் சகிக்க வேண்டியவர்கள் தெருவில் போனவர்கள்தான்.

1995 இறுதியில் இராணுவம் யாழ்ப்பாண நகரைக் கைப்பற்றியபின் பொருட்களின் வரத்து படிப்படியாக மாறியது. 2002இல் போர்நிறுத்தத்தைத் தொடர்ந்து ஏ-9 வீதி திறந்ததும் பற்றரியும் பெற்றோலும் கடைகளில் தாராளமாகக் கிடைத்தன. டைனமோ மறுபடியும் சைக்கிள் விளக்குக்கு மட்டும் உரியதானது.