புரதச் சாலையில் இன வேறுபாடு

மரபுச் செய்தியைப் படித்துப் புரதம் புனையும் சாலைகள் எல்லா உயிரணுக்களிலும் உள்ளன. ரிபோ நியூக்ளிக் அமிலமும் பல புரதங்களும் கூடியமைந்த இந்நுண்துகள்களுக்கு ரிபோசோம் என்னும் பெயர் 1958ஆம் ஆண்டில் இடப்பெற்றது. பாக்டீரியாவின் ரிபோசோம் பெரிதும் சிறிதுமான இரு பகுதிகளால் ஆனது. சிறிய பகுதியை 30 எஸ் என்பர். எஷரிக்கியா கோலி என்னும் குடல்வாழ் பாக்டீரியாவில் இப்பகுதி ஓர் ஆர்.என்.ஏ. இழையும் 21 புரதங்களும் கொண்டது.

அந்நாளைய ஆராய்ச்சி பெரும்பாலும் இந்த ஒரு பாக்டீரியாவையே சுற்றி வந்தது. வளர்ப்பதற்கு எளிது, விரைவில் பெருகுவது. மரபுக் குறியீடு உயிர்கள் யாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதும் 1960களில் தெளிவாயிற்று. குறியீடு ஒன்றாயின், அதனைப் படிக்கும் கருவியும் எங்கும் ஒன்றாகத்தானே இருக்கும்?

1968ஆம் ஆண்டில் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் நொமுராவும் அவருடைய துணைவர்களும் இவ்வினாவைச் சோதனைக்கு உட்படுத்தினர். ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் செழிக்கும் பாசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸின் ஆர்.என்.ஏ.யோடு கோலியின் புரதங்களைச் சேர்த்தனர். கலப்பினத் துகள் உருவாயிற்று, வேலையும் செய்தது. இரண்டும் ஒரே முன்னோரின் வழிவந்த கருவிகள் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

ஆனால் லோடிஷ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் கண்டது வேறு. எஃப்2 என்னும் வைரஸின் ஆர்.என்.ஏ.யைக் கோலியின் ரிபோசோம்களிடம் தந்தால், அவை உறைப்புரதத்தை மிகுதியாக ஆக்குகின்றன. அதே செய்தியை வெப்ப விரும்பியின் ரிபோசோம்களிடம் தந்தாலோ, அவை முதிர்வுப் புரதத்தை மட்டும் ஆக்கி, உறைப்புரதத்தை விட்டுவிடுகின்றன. எழுத்து ஒன்று, படிக்கத் தொடங்கும் இடந்தான் வேறு. அவ்விடத்தைத் தேர்வதில் 30 எஸ் பகுதிக்கே பெரும்பங்கு உண்டு என்பதும் புலனாயிற்று.

தொடக்க இடத்தைச் சுட்டும் அடையாளத்தை 1974இல் ஆஸ்திரேலியாவில் ஷைன், டல்கார்னோ என்ற இருவர் விளக்கினர். செய்தி இழையின் ஒரு சிறு பகுதி, ரிபோசோமின் ஆர்.என்.ஏ. முனையோடு இணைசேர்கிறது என்பதே அவ்விளக்கம். கோலியில், செய்தி இழையைப் பற்றிக்கொள்ள எஸ்1 என்னும் பெரிய புரதமும் துணைநிற்கிறது. வெப்ப விரும்பியின் ரிபோசோமில் இப்புரதம் இல்லை என்று 1976இல் அறிவிக்கப்பட்டது. பாசில்லஸ் இனத்தவை வலிமையான அடையாளத்தை வேண்டிநிற்பதற்கும், கோலி வலிமை குன்றிய அடையாளத்தோடும் அமைவதற்கும் இவ்வேறுபாட்டை ஒரு காரணமாகக் கருதலாம்.

இது ஆய்வுக்கூடத்துப் புதிர் மட்டும் அன்று. நோயாளியின் படுக்கை வரை எட்டும் செய்தி. 1943இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், காசநோய்க்கு வாய்த்த முதல் பயனுள்ள நுண்ணுயிர்க்கொல்லி. அது 30 எஸ் பகுதியைத் தாக்குகிறது. எஸ்12 என்ற புரதத்தில் நேரும் சிறு மாற்றம் அம்மருந்தைப் பயனற்றதாக்கும் என்பதை 1969இல் கோலியைக் கொண்டே கண்டனர். காசநோய்க் கிருமியிலும் அவ்வழி உண்டு. ஆயினும் கோலி எளிதில் காட்டாத வேறொரு வழியும் அதற்கு உண்டு. ரிபோசோம் ஆர்.என்.ஏ.க்குரிய மரபணுத் தொகுதி கோலியில் 7 உள. ஒன்று மாறினும் ஏனையவை அம்மாற்றத்தை மறைத்துவிடும். காசநோய்க் கிருமியிலோ ஒன்றே உளது. ஆதலின் அந்த ஆர்.என்.ஏ.யில் நேரும் ஒரே மாற்றமும் மருந்தை எதிர்க்கப் போதும். 1993இல் வெளியான ஆய்வுகள் இதனை மெய்ப்பித்தன.

2000ஆம் ஆண்டில் 30 எஸ் பகுதியின் அணு அமைப்பை வெளியிட்டு, 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவருள் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். அவரும் அதற்குக் கோலியைக் கொள்ளவில்லை. தெர்மஸ் தெர்மோஃபிலஸ் என்ற வெப்ப விரும்பியின் உறுதியான துகள்களையே படிகமாக்கினார்.

ஓர் இனத்தை நன்கு கற்பதால் பொதுமையை அறிகிறோம். நோயைத் தீர்க்க முற்படும்போது, அந்நோயைத் தரும் கிருமியையே தனியாகக் கற்றாக வேண்டும்.